மாற்றுச் சாவியில் ரிமோட் வேலை செய்கிறது. எஞ்சின் மட்டும் இரண்டு நொடியில் அணைந்துவிடுகிறது

நெடுஞ்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் காருடன் வந்த இரண்டு சாவிகளில் ஒன்று சென்ற மாதம் பயணத்தின்போது தொலைந்துவிட்டது. கையில் ஒன்றே இருப்பது கவலையாக இருந்ததால், அதே வடிவத்தில் ரிமோட்டுடன் கூடிய மடக்குச் சாவி ஒன்றை இணையத்தில் வாங்கி, சாவி வெட்டுபவரிடம் கொடுத்து, பழைய சாவியைப் பார்த்து அதன் தகட்டை வெட்டிக்கொண்டேன். பிறகு, வண்டியின் கையேட்டில் சொல்லியிருந்தபடி இக்னிஷனைக் குறிப்பிட்ட முறை போட்டு அணைத்து, மணி ஒலித்ததும் புதிய ரிமோட்டின் பொத்தானை அழுத்தினேன். கதவுகள் பூட்டித் திறந்தன. வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன்.

ஆனால் புதிய சாவியைப் போட்டுத் திருப்பினால் எஞ்சின் உயிர்பெற்று, இரண்டு நொடிக்குள் அணைந்துவிடுகிறது. முகப்புப் பலகையில் சாவிப் படம் போட்ட விளக்கு வேகமாக மின்னுகிறது. பழைய சாவியில் எஞ்சின் எப்போதும்போல் ஓடுகிறது. ஆனால் அதன் ரிமோட் அன்றிலிருந்து வேலை செய்யவில்லை. இந்த இரண்டு கோளாறுகளுக்கும் தொடர்பு உண்டா? வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? தொலைந்த சாவி யார் கையிலாவது கிடைத்திருந்தால் அவர் வண்டியை எடுத்துச் செல்ல முடியுமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நான்குசக்கரம் எழுதியது:

பழைய ரிமோட்டின் பேட்டரியை முதலில் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் சிஆர்2032 வகை, 3 வோல்ட் நாணய பேட்டரிதான் இருக்கும். அப்படியும் சரியாகவில்லை என்றால், சட்டைப்பையில் பொத்தான் பலமுறை அழுந்தி, வண்டிக்கும் ரிமோட்டுக்கும் இடையே எண் வரிசை விலகியிருக்கலாம். எஞ்சின் கோளாற்றுக்கு, பழைய சாவியை நகலெடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்; வண்டியைத் தொடாமலே சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். அதுவே எளிய வழி என்பது என் கருத்து.

பூட்டும்திறப்பும் எழுதியது:

நான் பல ஆண்டுகளாக வாகனச் சாவி வேலை செய்பவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நாம் சாவி என்று ஒரே பெயரால் சொல்லும் இந்தப் பொருளுக்குள் ஒன்றையொன்று அறியாத மூன்று கருவிகள் இருக்கின்றன. வெட்டிய தகடு பூட்டின் உருளையைத் திருப்புகிறது. பேட்டரியில் இயங்கும் ரிமோட் கதவுகளுக்கு மட்டும் ஆணையிடுகிறது. மூன்றாவதாக, பேட்டரியே இல்லாத டிரான்ஸ்பாண்டர் சிப் ஒன்று சாவியின் தலைப்பகுதிக்குள் இருக்கும். எஞ்சின் ஓட அனுமதி பெற்றுத் தருவது இந்தச் சிப் மட்டுமே. நீங்கள் முதல் இரண்டையும் சரியாக முடித்திருக்கிறீர்கள். மூன்றாவதை யாரும் தொடவில்லை.

இக்னிஷன் பூட்டைச் சுற்றி வளையம்போல் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் காந்தப்புலத்தை எழுப்புகிறது. அந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்கிறது. சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் இருந்தால்தான் இது நடக்கும். பழைய வகைச் சிப்கள் மாறாத ஓர் எண்ணை மட்டும் சொல்லும். பின்னர் வந்தவற்றில் வண்டி ஒரு கேள்வியை அனுப்பும். சிப் தன்னிடமுள்ள இரகசிய எண்ணைக் கொண்டு கணக்கிட்டு விடை சொல்லும். விடை வரவில்லை அல்லது தவறு என்றால் எஞ்சின் கட்டுப்பாட்டு அலகு எரிபொருளையோ தீப்பொறியையோ நிறுத்திவிடும். சில வண்டிகளில் ஸ்டார்ட்டரே சுழலாது. உங்கள் வண்டியில் இரண்டு நொடி ஓடவிட்டு அணைக்கிறது. இந்தத் தடுப்புக்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். ஐரோப்பாவில் 1995-ஆம் ஆண்டின் ஒரு நெறிமுறையின்படி, 1998 அக்டோபர் முதல் புதிய கார்களில் இது கட்டாயமாயிற்று.

நான் சொல்வது சரிதானா என்று நீங்களே செலவின்றிச் சோதிக்கலாம். புதிய சாவியின் பிளாஸ்டிக் தலையை அலுமினியத் தாளால் இரண்டு மூன்று சுற்று இறுகச் சுற்றி, அதற்குள் சிப் இருந்தால் அது பேசாதபடி செய்யுங்கள். பிறகு பழைய சாவியின் தலையை இக்னிஷன் வளையத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, புதிய சாவியைப் போட்டுத் திருப்புங்கள். எஞ்சின் தொடர்ந்து ஓடினால் தகடு சரி, வளையம் சரி, குறை சிப்பில் மட்டுமே என்று உறுதியாகும். தாளைச் சுற்றாமல் செய்தால், இரண்டு சிப்கள் ஒரே புலத்தில் ஒரே நேரத்தில் பேசி ஒன்றையொன்று குழப்பிவிடக்கூடும். ஒரே வளையத்தில் இரண்டு வண்டிகளின் சாவிகளைக் கோத்து வைத்திருப்பவர்களுக்குச் சில வேளை வண்டி கிளம்பாமல் போவதற்கும் இதுவே காரணம்.

அதன்பின் புதிய சாவியின் உறையைக் கவனமாகப் பிரித்து உள்ளே பாருங்கள். அரிசியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழலோ, சிறிய கறுப்பு ஆப்புபோன்ற துண்டோ தனியாக இருக்கிறதா, அல்லது எல்லாமே மின்சுற்றுப் பலகையில் பற்ற வைக்கப்பட்டிருக்கிறதா என்று எழுதுங்கள். அடுத்த படி அதைப் பொறுத்தது.

பழைய ரிமோட் விலகிப்போனதாக நண்பர் நான்குசக்கரம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறிக்கொண்டே வருவது உண்மைதான். ஒருமுறை அனுப்பிய எண்ணைப் பிறர் பதிவுசெய்து மீண்டும் அனுப்பிக் கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஆனால் சட்டைப்பையில் அழுந்தியதற்கெல்லாம் வண்டி ரிமோட்டைக் கைவிடுவதில்லை. பரவலாகப் பயன்பட்ட கீலாக் முறையையே எடுத்துக்கொண்டால், வண்டி எதிர்பார்க்கும் எண்ணிலிருந்து அடுத்த 16-க்குள் வந்தால் உடனே ஏற்றுக்கொள்ளும். அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தாலும், அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் மீண்டும் இணைந்துவிடும். புதிய ரிமோட்டைப் பதிந்த அதே நாளில் பழையது நின்றுபோனது தற்செயலாக இருக்க முடியாது. பல வண்டிகளில், பதிவு நிலைக்குள் நுழைந்தவுடன் முன்பிருந்த ரிமோட்கள் அனைத்தும் நினைவிலிருந்து அழிக்கப்படும். ஆகவே அதே முறையை மீண்டும் செய்து, மணி ஒலித்ததும் ஒரே அமர்வில் இரண்டு ரிமோட்களின் பொத்தானையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துங்கள். இதில் உங்களுக்கு ஒரு நன்மையும் நடந்திருக்கிறது: தொலைந்த சாவியின் ரிமோட்டும் அன்றே அழிந்திருக்கும். அதன் சிப் மட்டும் இன்னும் வண்டியின் நினைவில் இருக்கிறது. அந்தச் சாவி ஒருவர் கையில் இருந்தால் அவரால் தகட்டைக் கொண்டு கதவையும் திறக்க முடியும், வண்டியையும் ஓட்டிச் செல்ல முடியும்.

நெடுஞ்சாலை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே தாளைச் சுற்றி, பழைய சாவியை ஒட்டிப் பிடித்துத் திருப்பினேன். எஞ்சின் நிற்காமல் ஓடியது. இரண்டு ரிமோட்களையும் ஒரே அமர்வில் பதிந்தேன். இப்போது இரண்டும் கதவைத் திறக்கின்றன.

உறையைப் பிரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. ரிமோட்டின் பலகைக்குப் பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு சிறிய குழி இருக்கிறது. அதில் எதுவும் இல்லை. பழைய சாவியில் அதே குழியில் கறுப்புத் துண்டு ஒன்று இருக்கிறது. முழுமையான சாவி என்று சொல்லி விற்றவர், சிப் இல்லை என்பதை எங்கும் குறிப்பிடவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. சிப்பை வாங்கிப் போட்டால், கையேட்டில் உள்ளபடி நானே பதியலாமா? அதில் ‘ஏற்கெனவே பதிவான இரண்டு சாவிகள் தேவை’ என்று இருக்கிறது. நண்பர் சொன்னதுபோல் நகலெடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பூட்டும்திறப்பும் எழுதியது:

குழி காலியாக இருந்தது நல்லதுதான். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய சாவியாக இருந்திருந்தால், பல வகைச் சிப்கள் முதல் வண்டியுடன் பூட்டப்பட்டுவிடுவதால் அவற்றை மீண்டும் எழுத முடியாது. பலகையோடு சிப்பும் சேர்ந்தே இருக்கும் வகையானால் முழுப் பலகையையும் தூக்கிப்போட வேண்டியிருக்கும். உங்களுக்குத் தேவை ஒரு சிறிய சிப் மட்டுமே. ஆனால் வடிவம் ஒன்றாக இருப்பதை நம்பி வாங்காதீர்கள். வெளித்தோற்றத்தில் ஒரேபோன்ற ஆப்புகளுக்குள் ஒன்றுக்கொன்று புரியாத மொழி பேசும் பல வகைகள் உண்டு. பழைய சாவியைச் சிப் வாசிப்புக் கருவியில் வைத்தால் ஐடி46, ஐடி48 என்பதுபோல் அதன் வகை தெரிந்துவிடும். அதை உறுதிசெய்த பிறகே வாங்குங்கள்.

கையேட்டு முறை உங்களுக்கு இப்போது உதவாது. பதிவான இரண்டு சாவிகளைக் கேட்பது வேண்டுமென்றே வைத்த காவல்தான். வண்டியைக் கழுவக் கொடுத்த இடத்திலோ நிறுத்துமிடத்திலோ ஒரு சாவியை மட்டும் பெற்றவர், உங்களுக்குத் தெரியாமல் இன்னொன்றைப் பதிந்துகொள்ளக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஒரே சாவி இருக்கும்போது, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைக் கண்டறியும் இணைப்பில் கருவியைப் பொருத்தித்தான் பதிய வேண்டும். சில வண்டிகள் இரகசிய ‘பின்’ (PIN) எண்ணைக் கேட்கும்; சில, பத்து நிமிடம் காத்திருக்க வைத்த பிறகே அனுமதி தரும்.

நகலெடுப்பதைப் பற்றி: செய்ய முடியாத காரியம் அன்று. மாறாத எண் கொண்ட சிப்களை நகலெடுப்பது மிக எளிது. கணக்கிட்டு விடை சொல்பவற்றிலும் பழைய சில வகைகள் வலுவிழந்துவிட்டன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் 40 பிட் இரகசிய எண் கொண்ட சிப்பை, 2005-இலேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தாரும் சேர்ந்து உடைத்துக் காட்டினார்கள். இரண்டு சாவிகளும் பத்திரமாக இருக்கும் ஒருவர் மூன்றாவதாக நகல் வைத்துக்கொள்ள விரும்பினால் நான் தடை சொல்லமாட்டேன். உங்கள் நிலை வேறு. நகல், பழைய சாவியின் அடையாளத்தையே சொல்லும் என்பதால் வண்டியின் நினைவில் எந்த மாற்றமும் நடக்காது. தொலைந்த சாவியும் அங்கே அப்படியே உயிரோடு இருக்கும். கருவி வைத்துப் பதிபவரிடம், நினைவில் உள்ள எல்லாச் சாவிகளையும் அழித்துவிட்டு, கையில் இருக்கும் இரண்டை மட்டும் புதிதாகச் சேர்க்கச் சொல்லுங்கள். முடித்ததும் பதிவான சாவிகளின் எண்ணிக்கையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அது இரண்டு என்று இருக்க வேண்டும். வேறு யாரிடமாவது சாவி இருந்தால் அதையும் அன்று கொண்டுவர மறவாதீர்கள். அழித்தபின் வண்டி அதை அந்நியமாகவே பார்க்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பதிவு நடக்கும்போது வண்டியின் பேட்டரி மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். இக்னிஷன் நீண்ட நேரம் போட்டபடியே இருக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே கட்டுப்பாட்டு அலகு அணைந்து பாதி எழுத்தோடு நின்றுவிடக்கூடும். அதன்பின் அலகைக் கழற்றி மேசைமேல் வைத்து மீட்க வேண்டிய நிலைமைகளை நான் பார்த்திருக்கிறேன். முகப்பு விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முடிந்தால் மின்னேற்றியை இணைத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள்.

நான்குசக்கரம் எழுதியது:

நகலெடுத்தால் தொலைந்த சாவி நினைவிலேயே தங்கிவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை, திருத்தியதற்கு நன்றி. ஓர் ஐயம்: சிப்பை அழித்தாலும், தொலைந்த சாவியின் தகடு கதவைத் திறக்கும் அல்லவா?

பூட்டும்திறப்பும் எழுதியது:

திறக்கும். உருளையை மாற்றினாலோ, அதன் உள்ளே இருக்கும் சிறு தகடுகளை வேறு வரிசையில் அடுக்கினாலோதான் அதைத் தடுக்க முடியும். வண்டி நிற்கும் இடத்தை அறிந்தவர் கையில் சாவி சிக்கியிருக்கலாம் என்ற அச்சம் இருந்தால் அந்த வேலையையும் செய்துகொள்ளலாம். பயணத்தில் தொலைந்ததென்றால், விலையுயர்ந்த பொருளை வண்டிக்குள் வைக்காமல் இருப்பதே போதும் என்று நினைக்கிறேன்.

நெடுஞ்சாலை எழுதியது:

இன்று வேலை முடிந்தது. பழைய சிப்பின் வகையை வாசித்து, அதே வகையில் எழுதப்படாத புதிய சிப்பைக் குழியில் பொருத்தினார்கள். மின்னேற்றியை இணைத்த பிறகே கருவியைச் செருகினார்கள். அழிப்பதற்கு முன் திரையில் பதிவான சாவிகள் மூன்று என்று காட்டியது. இரண்டுதானே இருக்க வேண்டும் என்று திகைத்தேன். நான் இந்த வண்டியின் இரண்டாவது உரிமையாளர், முதல் உரிமையாளர் இன்னொரு சாவி வைத்திருந்தது எனக்கு இதுவரை தெரியாது. இப்போது திரையில் இரண்டு என்று இருக்கிறது. இரண்டு சாவிகளிலும் எஞ்சின் ஓடுகிறது.