'படர்மருள்': 'வெகுஜன வெறி'க்கு மாற்றாக ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கிருமியோ நஞ்சோ இல்லாமலே ஒரு கூட்டத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவருக்கு உடல் உபாதை பரவுவதைக் குறிக்கும் 'மாஸ் ஹிஸ்டீரியா'வுக்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் ஐயா முன்வைத்த 'வெகுஜன வெறி'யை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. தக்கலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், மதிய உணவுக்குப் பின் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூச்சு முட்டுகிறது என்று சொல்லிச் சரிந்தாள். அடுத்த மணி அடிப்பதற்குள் மேலும் ஆறு பேர் பெஞ்சுகளில் சாய்ந்துவிட்டார்கள். வேகவேகமாக மூச்சு வாங்கியதில் அவர்களுடைய விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. நான் பிடித்து நிமிர்த்தியும் நிமிரவில்லை. ஆசிரியர் ஒருவர் நடிப்பு என்றார். ஒரு தாயார் வாதை (பேய்) கூடிவிட்டது என்று அழுதார். அந்த விரல்களைத் தொட்டவர் எவரும் அதை நடிப்பு என்றோ வெறி என்றோ சொல்லமாட்டார்.

சங்கப் பாடல்களில் முருகனின் பூசாரியான வேலனின் ஆட்டத்தைக் குறித்த 'வெறி', சாதிவெறி, மதவெறி என்று கேட்டுப் பழகிய இன்றைய காதுக்குக் குற்றமாகவே ஒலிக்கிறது. 'ஹிஸ்டீரியா'வும் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்து, பெண்ணுடலின் மேல் பழி போட்ட சொல்தான்.

'வெகுஜன வெறி'க்குப் பதிலாகத் 'தொற்றுவெறி' என்றாலோ கிருமியைத் தேடத் தோன்றும். தாங்கனிக்காவின் (இன்றைய தான்சானியா) கஷாஷா பெண்கள் பள்ளியில் 1962 ஜனவரியில் மூன்று மாணவிகளிடம் தொடங்கிய அடக்கமுடியாத சிரிப்பு, 159 பேரில் 95 பேரிடம் பரவி, மார்ச்சில் பள்ளியையே மூட வைத்தது. கிருமியோ நஞ்சோ அகப்படவில்லை. ஒரே நெருக்கடியில் இருப்பவர்களிடையே கண்டும் கேட்டும் பரவுவது இது.

ஆகவே 'படர்மருள்' என்று வைக்கலாம். படர்தல் கொடியின் இயல்பு. 'படர்மெலிந்திரங்கல்' என்னும் குறள் அதிகாரத்தில் 'படர்' துன்பத்தையும் குறிக்கிறது. 'மருள்' மயக்கம், சாமியாடியை 'மருளாடி' என்று அழைக்கும் வழக்கும் உண்டு. கோயில் கொடைவிழாவில் சாமியாடும் கோமரத்தாடியோடு இப்பிள்ளைகளைக் குழப்பிக்கொள்ள நேராதா என்று குழுவிலுள்ள அம்மையார் கேட்கக்கூடும். கோமரத்தாடி நோன்பிருந்து, மேளத்துக்காகக் காத்திருந்து ஆடுபவர். இப்பிள்ளைகள் எதையும் வேண்டிக் காத்திருக்கவில்லை. அந்த வேறுபாட்டைப் 'படர்' காட்டிவிடும் என்று நம்புகிறேன்.

'விட்ச் ஹன்ட்' என்பதற்கு வழங்கும் 'சூனியக்காரி வேட்டை'யையும் இதனோடு சேர்க்கவேண்டாம். அமெரிக்காவின் மாசச்சூசெட்சிலுள்ள சேலத்தில் 1692இல் சிறுமிகளுக்கு வந்த வலிப்பைப் படர்மருளாகக் கொள்ளலாம். ஆனால் 19 பேரைத் தூக்கிலேற்றியது நீதிமன்றம். மேலும், 'சூனியக்காரி வேட்டை' என்னும்போதே வேட்டையாடப்பட்டவளைச் சூனியக்காரி என்று நாமும் ஒப்புக்கொண்டதாகிறது. 'சூனியப்பழி' என்றால் பழி சுமத்தியவர் பக்கம் பார்வை திரும்பும். சூனியக்காரி என்று பழி சுமத்துவதற்கு எதிராக ஜார்க்கண்டில் நடைமுறையிலுள்ள தடைச்சட்டத்தைப் பற்றி எழுதுவதற்கும் அது உதவும்.

நோயாளரைப் 'படர்மருளுற்றோர்' என்று குறித்தால் மருத்துவக் குறிப்பேட்டில் இடறுமா என்பதைக் குழுவிலுள்ள மருத்துவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து