ஃபேஸ்புக் விழுந்ததுக்கு சிஎல்ஐ காரணமா? யாரு சொன்னது?

கன்சோல்கேபிள்:
நேத்து யாம்ல்தம்பி இங்கே எழுதினதைப் படிச்சதிலிருந்து மனசு ஆறல. "கம்பெனி நெட்வொர்க்ல இனி யாரும் சிஎல்ஐயில (பெட்டிக்குள்ள நுழைஞ்சு கமாண்ட் அடிக்கிற இடம்) கை வைக்கக் கூடாது. என்ன சர்வீஸ் வேணும்னு பாலிசி எழுதினா போதும், மீதியை எல்லாப் பெட்டியையும் ஒரே இடத்துல இருந்து நடத்துற கன்ட்ரோலர் பார்த்துக்கும். 2021ல ஃபேஸ்புக் விழுந்ததே ஒருத்தர் கையால கமாண்ட் அடிச்சதாலதான்" அப்படின்னு. கடைசி வரி தப்பு. அக்டோபர் 4 அன்னைக்கு சுமார் ஆறு மணி நேரம் விழுந்து கிடந்துச்சு. அவங்களே விளக்கம் கொடுத்தாங்க. டேட்டா சென்டர்களை இணைக்கிற பேக்போன்ல எவ்வளவு கெப்பாசிட்டி இருக்குன்னு பார்க்க ஒரு கமாண்ட் போச்சு, அது பேக்போன் லிங்க் அத்தனையையும் இறக்கிடுச்சு. அந்த மாதிரி கமாண்டைப் பிடிச்சு நிறுத்தத்தான் ஆடிட் டூல் வெச்சிருந்தாங்க. டூல்ல பக். நிறுத்தல. ஆக, விழ வெச்சது டூல்.

யாம்ல்தம்பி:
அண்ணே, "ஒரு கமாண்ட் போச்சு"ன்னு நீங்களே எழுதிட்டீங்க. அது தானா போகுமா? வாட்ச்மேன் தூங்கிட்டா திருடினது வாட்ச்மேனா?
நம்ம வேலைக்கு வாங்க. புதுசா வாய்ஸ் சர்வீஸ் வேணும்னா 80 கிளையில ஒவ்வொரு ஸ்விட்ச்லயும் நுழைஞ்சு வாய்ஸ் விலேன் (போனுக்குன்னு பிரிச்ச தனி நெட்வொர்க்), டிஎஸ்சிபி 46 (குரலுக்கு முன்னுரிமை கேக்கிற முத்திரை), க்யூ எல்லாம் கையால அடிக்கிறோம். ரெண்டுல மறந்துபோகும். எம்டி பேசும்போது அந்த ரெண்டுலதான் குரல் உடையும். பாலிசியில ஒரு தடவை எழுதினா 80லயும் ஒரே மாதிரி இருக்கும்.

கன்சோல்கேபிள்:
வாட்ச்மேன் இருக்கான்னு நம்பித்தானே கதவுக்குப் பூட்டே போடல? அதைத்தான் சொல்றேன்.
80லயும் ஒரே மாதிரி இருக்கும்ங்கிற, சரி. தப்பும் 80லயும் ஒரே மாதிரி இருக்கும். நான் முன்னாடி இருந்த இடத்துல பாலிசி இன்ஜின் ஒரு ஏசிஎல்லை (எதை விடணும், எதைத் தடுக்கணும்ங்கிற பட்டியல்) எல்லாக் கிளைக்கும் தள்ளுச்சு. நாங்க ரவுட்டருக்குள்ள நுழையற மேனேஜ்மெண்ட் சப்நெட்டை அனுமதிக்கிற வரி அதுல இல்ல. மூணு நிமிஷத்துல எந்த ரவுட்டரும் எங்க பேச்சைக் கேக்கல. கன்ட்ரோலர் திரையில மட்டும் எல்லாம் பச்சை. ராத்திரி பதினொன்றரைக்கு லேப்டாப்பையும் ரவுட்டர்ல நேரா செருகுற நீலக் கேபிளையும் எடுத்துக்கிட்டு கிளை கிளையாப் போனேன். ஷட்டர் சாவி வெச்சிருக்கிறவரைத் தூக்கத்துல எழுப்பி, 9600 வேகத்துல கனெக்ட் பண்ணி, அந்த ஏசிஎல்லை இன்டர்ஃபேஸ்ல இருந்து கழட்டி விட்டேன். விடியறப்போ ஏழு கிளைதான் முடிஞ்சிருந்துச்சு. கையால அடிச்சிருந்தா முதல் ரவுட்டர்லயே தெரிஞ்சிருக்கும், அதோட நின்னிருப்பேன்.

விலேன்வேலு:
கையைப் பத்தி அண்ணன் பேசலாமா? போன வருஷம் இதே இடத்துல நீங்களே சொன்னது. பல விலேன் ஒண்ணாப் போற ட்ரங்க் போர்ட்ல விலேன் 40ஐச் சேர்க்கப் போய் "அலவ்டு விலேன்" வரியில "ஆட்" போட மறந்து, பழைய பட்டியலே அழிஞ்சு மத்த விலேன் எல்லாம் போயி, மாசக் கடைசியில அக்கவுண்ட்ஸ் மாடி முழுக்க நின்னுச்சு. அன்னைக்கு எந்த டூல் இருந்துச்சு?

கன்சோல்கேபிள்:
ஆமா, மறந்தேன். நாலு நிமிஷத்துல சரி பண்ணினேன். ஒரு மாடி, ஒரு ஸ்விட்ச். அதைச் சொன்னது சின்னப் பசங்க கத்துக்கட்டும்னு, வேலு எடுத்துவெச்சு வீசட்டும்னு இல்ல. நீ இன்னும் அந்த சர்ட்டிஃபிகேட் சண்டையை மனசுல வெச்சிருக்க. டம்ப் (கசிஞ்ச பரீட்சைக் கேள்விகள்) படிச்சுப் பாஸ் பண்றது படிப்பில்லன்னு அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன்.

விலேன்வேலு:
நான் டம்ப் படிக்கல. வாபஸ் வாங்குங்க.

நைட்ஷிப்ட்நளினி:
அண்ணா, ஒரு விஷயத்தை ரெண்டு பேருமே தொடல. அன்னைக்கு ஃபேஸ்புக்கோட டிஎன்எஸ் சர்வர் (பேரைக் கேட்டா முகவரி சொல்றது) எதுவும் சாகல. டேட்டா சென்டரோட பேச முடியலைன்னா தன் பிஜிபி அறிவிப்பைத் ("என்கிட்ட வர வழி இது"ன்னு மத்த நெட்வொர்க்குக்குச் சொல்றது) தானே வாபஸ் வாங்கணும்னு விதி. விதிப்படி வாங்குச்சு, உலகத்துக்கு ஃபேஸ்புக் முகவரியே இல்லாமப் போச்சு. அதுவும் பாலிசிதானே? ஏசிஎல், ரவுட் மேப் (எந்த வழியை ஏத்துக்கணும்ங்கிற விதி) எல்லாமும் பாலிசிதான். நீங்க எதைப் பாலிசின்னு சொல்றீங்கன்னு முதல்ல சொல்லுங்க.

யாம்ல்தம்பி:
அக்கா, அது அப்புறம் நடந்தது. முதல்ல கமாண்ட். அடிச்சது மனுஷன்.

கன்சோல்கேபிள்:
நிறுத்த வேண்டியது டூல். நிறுத்தல.
பாலிசி என்னமோ நேத்து பிறந்த மாதிரி பேசறாங்க. 2000லயே காப்ஸ்னு ஒரு பாலிசி ப்ரோட்டோகால் வந்துச்சு, இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணம் ஆர்எஃப்சி 2748. முடிவெடுக்கிற இடம் ஒண்ணு, அமல்படுத்துற பெட்டி ஒண்ணு. இன்னைக்குக் கன்ட்ரோலர் விக்கிறவங்க காட்டுற வரைபடமும் அதேதான். எத்தனை ஆபீஸ்ல காப்ஸ் ஓடிப் பார்த்தீங்க? நான் 22 வருஷத்துல ஒண்ணுகூடப் பார்க்கல.

யாம்ல்தம்பி:
22 வருஷத்தை எல்லாப் பதிவுலயும் எழுதறீங்க. 2002ல நெட்வொர்க் நடத்துற ஆபரேட்டர்களைக் கூட்டி வெச்சு என்ன வேணும்னு கேட்டாங்க, அது ஆர்எஃப்சி 3535. பெட்டி பெட்டியா இல்ல, நெட்வொர்க்கை மொத்தமா கான்ஃபிகர் பண்ண வழி வேணும்னு அதுல இருக்கு. உங்க தலைமுறை கேட்டதுதான் இது. அது கைக்கு வந்ததும் வேண்டாம்ங்கிறீங்க.

கன்சோல்கேபிள்:
வேண்டாம்னு எங்கே சொன்னேன்? சிஎல்ஐயில கையே வைக்காதேன்னு நீ சொன்னதைத்தான் கேக்கறேன். ஜூனிபர் பெட்டியில ஓடற ஜூனோஸ்ல கமிட் கன்ஃபர்ம்டுன்னு கமாண்ட் போட்டா பத்து நிமிஷத்துல நான் உறுதி பண்ணலைன்னா பெட்டி தானாப் பழைய கான்ஃபிகுக்குத் திரும்பிடும். எந்தக் கன்ட்ரோலரும் இல்லாம சிஎல்ஐ கொடுத்த பாதுகாப்பு அது.
2022 ஜூலை 8 கனடாவுல ராஜர்ஸ்ங்கிற டெலிகாம் கம்பெனி நெட்வொர்க் விழுந்ததையும் பாரு. ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்கு மேல பாதிக்கப்பட்டாங்க. நெட்வொர்க்கைப் புதுப்பிக்கிற ஏழு கட்ட வேலை, விழுந்தது ஆறாவது கட்டத்துல. ஆரம்பத்துல ரிஸ்க் "ஹை"ன்னு இருந்துச்சு. முன்கட்டங்கள் நல்லா முடிஞ்சதால அல்காரிதம் அதை "லோ"ன்னு இறக்கிடுச்சு. லோ ஆனதும் மேலதிகாரி பார்வை, லேப் டெஸ்ட் எதுவும் தேவைப்படல. இங்கேயும் மெஷின் சொன்னதை நம்பினாங்க.

யாம்ல்தம்பி:
அங்கே வழித்தகவல் வெள்ளமாப் பாயாமத் தடுத்த ஃபில்டரை ரவுட்டர்ல இருந்து நீக்கினது யாரு? ஊழியர்கள். மறுபடியும் கை.

விலேன்வேலு:
இன்னும் வாபஸ் வாங்கல.

நைட்ஷிப்ட்நளினி:
நான் கேட்டதுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் பதில் சொல்லல. என் ஷிப்ட் தொடங்குது, வர்றேன்.

கன்சோல்கேபிள்:
வேலு, உனக்குத் தனியா எழுதறேன், இங்கே வேண்டாம். தம்பி, ஃபேஸ்புக் கொடுத்த அந்த விளக்கத்தைத் திரும்ப ஒரு தடவை படி. ஆடிட் டூல்ல பக், அதனால நிறுத்தலைன்னு தெளிவா இருக்கு. எனக்கு ஒரு மணிக்கு விண்டோ (மாத்த ஒதுக்கின நேரம்), 12 ஸ்விட்ச் மாத்தணும். ஒவ்வொண்ணையும் கையாலதான் மாத்தப்போறேன், ஒண்ணு சரியா வந்த பிறகுதான் அடுத்தது.

யாம்ல்தம்பி:
படிச்சுட்டேன் அண்ணே. டூலுக்கு முன்னாடி வரியில கமாண்ட் இருக்கு. விண்டோ முடிச்சுட்டு வாங்க, இங்கேயேதான் இருப்பேன்.