மீட்சியற்ற மோதலா, குறைமீட்சி மோதலா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இயற்பியலில் மோதல் பற்றிய தமிழ்ச் சொற்களில் உந்தம் (நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிய அளவு), இயக்க ஆற்றல் (நகர்வதால் பொருளுக்குள்ள ஆற்றல்) ஆகிய இரண்டும் மாணவர் நாவில் வேரூன்றிவிட்டன. அவற்றைத் தொட வேண்டியதில்லை. எனக்குள்ள தடை 'மீட்சியற்ற மோதல்' என்னும் சொல்லில்தான். மீட்சி என்பது மோதிய பொருள்கள் மீண்டும் விலகிச் செல்வது. மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாதிருக்க, மொத்த இயக்க ஆற்றல் மட்டும் குறையுமானால் அதற்கு இப்பெயரை வழங்குகிறோம். ஆனால் தமிழில் 'அற்ற' என்றால் அறவே இல்லை என்றே பொருள். உயிரற்ற உடல் என்று சொன்னால் அதில் சிறிது உயிர் எஞ்சியிருப்பதாக யாரும் கொள்வதில்லை. நாம் அன்றாடம் காணும் மோதல்களிலோ பொருள்கள் ஓரளவு மீளத்தான் செய்கின்றன. நியூட்டன் 1687இல் வெளியிட்ட தம் நூலில் உருண்டைகளை ஊசலாகத் தொங்கவிட்டு மோதச் செய்த சோதனைகளின் முடிவுகளைத் தருகிறார். கண்ணாடி உருண்டைகள் 16 பங்கு வேகத்தில் நெருங்கினால் ஏறத்தாழ 15 பங்கு வேகத்தில் விலகின. இறுகச் சுற்றிய கம்பளி உருண்டைகள் 9 பங்குக்கு 5 பங்கு விலகின. பதினாறில் பதினைந்து பங்கு மீளும் கண்ணாடியையும் 'மீட்சியற்ற' என்று சொல்ல வைப்பது சொல்லின் குறையே தவிர மாணவரின் குறை அன்று.

இதைவிடப் பெரிய சிக்கல், மோதிய பொருள்கள் ஒன்றாகவே நகரும் நிலைக்கு வழங்கும் 'முழு மீட்சியற்ற மோதல்' என்பதில் இருக்கிறது. இத்தொடரை 'முழு' என்பதோடு நிறுத்திப் படித்தால், மீட்சி முழுவதும் இல்லாத மோதல் என்று பொருள்படும். 'முழுமீட்சி' என்று சேர்த்துப் படித்தாலோ, முழுமையான மீட்சி இல்லாத மோதல், அதாவது ஓரளவு மீட்சியுள்ள மோதல் என்றாகிவிடும். வேறுபடுத்திக் காட்ட வேண்டிய இரு நிலைகளையும் ஒரே தொடர் குறிக்க இடம் கொடுக்கிறது.

எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வழியாக வந்த, எஃகுக் குண்டுகளை எறிந்து ஆடும் பெத்தாங்க் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். எதிராளியின் எஃகுக் குண்டை நேராக அடித்து விரட்டிவிட்டு, எறிந்த குண்டு அதே இடத்தில் அமர்ந்துவிட்டால் அதைக் 'காரோ' என்பார்கள். சம நிறையுள்ள இரு குண்டுகள் முழு மீட்சியோடு மோதினால் நிகழ வேண்டியது இதுவே. 700 கிராம் குண்டு நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்து, அசையாதிருக்கும் அதே நிறையுள்ள குண்டை நேருக்கு நேர் மோதுவதாகவும், விலகும் வேகம் நெருங்கிய வேகத்தில் 0.8 பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். தரையின் உராய்வை இங்கே விட்டுவிடுகிறேன். எறிந்த குண்டு 0.6 மீட்டர் வேகத்தில் முன்னே நகரும், மற்றது 5.4 மீட்டர் வேகத்தில் ஓடும். உந்தத்தில் மாற்றமில்லை; 12.6 ஜூலாக இருந்த இயக்க ஆற்றல் 10.33 ஜூலாகக் குறைந்து, மீதி ஒலியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. இந்த மோதலில் மீட்சி இருக்கிறது, ஆனால் குறைவாக இருக்கிறது. ஆகவே இதைக் 'குறைமீட்சி மோதல்' என்று அழைக்கலாம் என முன்மொழிகிறேன்.

இந்தச் சொல்லாக்கம் நமக்குப் புதிதன்று. மின்சாரத்தைக் கடத்தும் திறன் குறைந்தும் முற்றும் இல்லாமற் போகாமலும் இருக்கும் பொருளைக் குறைகடத்தி என்று ஏற்றுக்கொண்டோம். அதைக் கடத்தலற்றது என்று சொல்லவில்லை. இலக்கணத்திலும் குற்றியலுகரத்தின் உகரம் அழிந்துபோவதில்லை, ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகுகிறது. குறைதலையும் அறுதலையும் வேறுபடுத்துவது நம் மொழியின் பழைய பழக்கம்.

அப்படியானால் 'மீட்சியற்ற மோதல்' என்பதைக் கைவிட வேண்டாம். அதன் நேர்ப்பொருளுக்கே அதைத் திருப்பித் தந்துவிடலாம். வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் பிசையும் ஈரக் களிமண் உருண்டை இன்னோர் உருண்டையில் மோதி ஒட்டிக்கொள்வதே மீட்சியற்ற மோதல். இயக்க ஆற்றல் குறையும் மோதலுக்கு முன்பு 'ஆற்றலிழப்பு மோதல்' என்ற பெயரைப் பரிந்துரைத்த நண்பரின் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் இழப்பின் அளவு அச்சொல்லில் தெரிவதில்லை. மேலும், மேலே கண்ட குண்டுகள் ஒட்டிக்கொண்டாலும் 6.3 ஜூல், அதாவது பாதி ஆற்றல் எஞ்சவே செய்யும். உந்தம் மாறாதிருக்க வேண்டும் என்பதால் அந்தப் பாதியை இழக்க வழியில்லை. மீட்சி முற்றும் அற்றாலும் ஆற்றல் முற்றும் அறாது என்பதால், மீட்சியை வைத்தே பெயரிடுவது பொருத்தம்.

இவ்வாறு கொண்டால் முழுமீட்சி, குறைமீட்சி, மீட்சியற்ற என மூன்று பெயர்களும் மயக்கமின்றி நிற்கும். வெடிமருந்து வைத்த பொருள் மோதும்போது வெடித்து, மொத்த இயக்க ஆற்றல் முன்னிருந்ததைவிடக் கூடிவிடும் மோதலுக்கும் 'மிகைமீட்சி மோதல்' என்று இதே வரிசையில் பெயர் கிடைக்கிறது. 'மிகைமீட்சி' என்பதில் மட்டும் எனக்குச் சிறு தயக்கம் உண்டு; அங்கே கூடுதல் ஆற்றல் மீள்வதால் வருவதன்று, உள்ளே அடைபட்டிருந்தது வெளிப்படுவதால் வருவது. இதற்கு மேலும் பொருத்தமான சொல் தோன்றினால் அன்புகூர்ந்து எழுதுங்கள்.