குசினி மேடைக்கு எந்தக் கல்? பட்டவர்கள் சொல்லுங்கள்

தோட்ட வீட்டை விட்டு சுங்கை சிப்புட் தாமான் குடியிருப்புக்கு வந்து 9 வருடம் ஆகிறது. வந்த புதிதில் போட்ட குசினி மேடை மூன்றாவது வருடமே போய்விட்டது. மேலே பளபளவென்று லேமினேட், உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. சிங்க் ஓரத்தில் சிலிக்கான் விட்டுப்போன இடத்தில் தண்ணீர் இறங்கி, பலகை ஊறி உப்பிவிட்டது. விரலால் அழுத்தினால் தவிடு மாதிரி உதிர்ந்தது. கடையில் கேட்டால் தண்ணீர் பட்டதற்கு வாரண்டி இல்லை என்றார்கள். குசினி என்றால் தண்ணீர் படாமல் இருக்குமா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு வருடச் சீட்டுப் பணம் அது.

இந்த முறை அவசரப்படவில்லை. கேட்டால் கடையில் கையகலக் கல் துண்டு கொடுப்பார்கள். மார்பிள், கிரானைட், குவார்ட்ஸ் மூன்றும் வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் மஞ்சள் கரைத்த எண்ணெய், புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு எனச் சொட்டு சொட்டாக விட்டு ராத்திரி முழுக்க அப்படியே வைத்தேன். காலையில் துடைத்தால், மார்பிளில் புளி விட்ட இடம் வட்டமாக மங்கிக் கிடந்தது. விரலால் தடவினால் சொரசொரப்பு. கறை என்றால் தேய்த்து எடுக்கலாம், இங்கே கல்லையே புளி அரித்திருக்கிறது. மார்பிளில் இருப்பது சுண்ணாம்புச் சத்து, புளிப்புக்குக் கரையும். தினமும் ரசம் வைக்கிற வீட்டுக்கு ஆகாது. வெளிர் கிரானைட்டில் மஞ்சள் லேசாக இறங்கியிருந்தது, கறுப்பில் ஒன்றும் தெரியவில்லை. குவார்ட்ஸ் சோப்பு போட்டுத் துடைத்ததும் சுத்தமாகிவிட்டது.

மனசு குவார்ட்ஸ் பக்கம் போகிறது. ஆனால் குவாலிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி நேராக மேடையில் வைத்தே பழகிய கை எனக்கு. போட்டவர்கள் சொல்லுங்களேன்.

*

வணக்கம் அக்கா, நான் பீடோர். எனக்கும் அதே பழக்கம்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் வெள்ளை குவார்ட்ஸ். ஒரு தீபாவளிக்கு முறுக்கு சுட்டுவிட்டு எண்ணெய்ச் சட்டியை மேடையில் இறக்கினேன். சட்டியை எடுத்தபோது அடியில் பழுப்பு வளையம், இன்னும் அப்படியேதான் இருக்கிறது. குவார்ட்ஸ் மேடை முழுக் கல் இல்லை அக்கா. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கல் பொடி, மீதி ரெசின் பசை. 150 டிகிரியைத் தாண்டினாலே அந்தப் பசைக்கு ஆபத்து, முறுக்கு எண்ணெயோ 180க்குப் பக்கம் இருக்கும். வெயில் விழுகிற இடத்திலும் போடாதீர்கள், நாளாக நாளாக வெள்ளை மஞ்சளிக்கும்.

பின்பக்கக் குசினியில் கறுப்பு கிரானைட்தான் போட்டிருக்கிறோம், சூட்டுக்கு அசையவில்லை. ஆனால் அதற்கும் ஈரம் இறங்காமல் தடுக்கும் சீலர் பூச வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் ஈரம் குடித்துக் கறுத்திருந்தால் திரும்பப் பூசும் நேரம் வந்துவிட்டது.

*

அக்கா, தங்கச்சி சொன்னது சரி. நான் ஈப்போவில் கல் வெட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். கடையில் யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்.

குவார்ட்ஸை வெட்டும்போது பறக்கிற தூசியில் சிலிக்கா (மணலில் இருக்கிற அதே பொருள்) மிக அதிகம். கிரானைட்டிலும் உண்டு, ஆனால் அதில் பாதியும் இருக்காது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும், அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. இதற்காகவே ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல் மேடைகளைத் தடை செய்துவிட்டார்கள். மேடையில் சமைக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது, வெட்டுகிற எங்களுக்குத்தான் ஆபத்து. எந்தக் கல் எடுத்தாலும் சிங்க் ஓட்டையையும் அடுப்பு ஓட்டையையும் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு வெட்டி எடுத்துவரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு வாசலில் காய்ந்த கல்லை வெட்ட விடாதீர்கள், பிள்ளைகளும் அங்கேதான் நிற்பார்கள்.

அப்புறம், ஓட்டையின் மூலையைக் கூராக விடாமல் வளைத்து வெட்டச் சொல்லுங்கள். கல் விரிசல் விட்டால் கூர் மூலையிலிருந்துதான் விடும். இரண்டு கல் சேரும் இணைப்பு சிங்க் மேல் வரக்கூடாது. கேபினெட் பொருத்தி முடித்த பிறகு அளவெடுப்பதுதான் நல்லது.

*

இருவருக்கும் ரொம்ப நன்றி. தம்பி, தூசி விஷயத்தைப் படித்த பிறகு எனக்கு யோசனையே மாறிவிட்டது. எங்கள் பெரியப்பா மகனும் டைல்ஸ் வெட்டுகிறவர்தான், முகத்தில் வெறும் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்வார். அவருக்கும் இதை அனுப்பிவிட்டேன்.

நேற்று கடைக்குப் போய்க் கறுப்பு கிரானைட்டுக்கு முன்பணம் கட்டினேன். ஓட்டைகளைப் பட்டறையிலேயே வெட்டுவதென்றால் இரண்டு நாள் தள்ளிப்போகும் என்றார்கள், சரி என்றேன். அம்மா தோட்டத்திலிருந்து தூக்கி வந்த அம்மி இத்தனை நாளும் வாசலில்தான் கிடந்தது. அது மேடைக் கோடியில் வரப்போகிறது. அந்த இடத்துக்குக் கீழே மட்டும் கேபினெட் வேண்டாம், செங்கல் வைத்துக் கட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.