பி.சி.ஓ.எஸ் வந்த பிள்ளையளின்ர மனச்சோர்வு: எந்தக் கிளினிக்குக்கு முதல் அனுப்புறது?

கண்டாவளை உளநலம் கேட்டது:

வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில பெண்கள் குழுக்களோட வேலை செய்யிற இடத்தில ஒரே நிலைமை திரும்பத் திரும்ப வருது. வயசு 17இல இருந்து 30க்குள்ள. கிளினிக் கொப்பியில பி.சி.ஓ.எஸ் (ஹோர்மோன் குழம்பி, சூல் ஒழுங்கா முதிராமல், மாதவிடாய் தவறுற நிலை) எண்டு எழுதி, மெற்போமின் (சலரோகத்துக்கும் குடுக்கிற குளிசை) குடுத்திருக்கும். ஆனால் பிள்ளை நித்திரையில்லாமல், ஒருதரோடயும் கதைக்காமல், திருவிழாவுக்குக்கூட வெளிக்கிடாமல் வீட்டுக்குள்ளயே இருக்கும். தாய்மார் "பீரியட்ஸ் ஒழுங்கா வந்தால் மனமும் சரியாகும்" எண்டு காத்திருக்கினம். இது நோயின்ர பகுதியோ, ஊர்க்கதையால வாறதோ? மகளிர் கிளினிக் முதலோ, மனநல கிளினிக் முதலோ? குளிசை போட்ட பிறகுதான் மனம் குழம்பினது எண்டு சொல்லுறவையும் இருக்கினம். விபரம் தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ.

வவுனியா வைத்தியர்:

நோயாலயும் வருது, ஊர்க்கதையாலயும் வருது. அதனால ரெண்டு கிளினிக்கும் ஒரே நேரத்தில. பீரியட்ஸ் வரட்டும் எண்டு காத்திருக்கிறதுதான் பிழை. 2023இல புதுப்பிச்ச பி.சி.ஓ.எஸ் சர்வதேச வழிகாட்டி, நோய் இதுதான் எண்டு முடிவாகிற நேரமே மனச்சோர்வும் பதட்டமும் இருக்கோ எண்டு எல்லாரிட்டயும், வளரிளம் பிள்ளையளிட்டயும்கூட, கேக்கச் சொல்லுது. மெலிஞ்ச பெண்களிலயும் மனச்சோர்வு கூடுதலாத்தான் இருக்கு. ஆனபடியால் "நிறையைக் குறை, எல்லாம் சரியாகும்" எண்டு சொல்லி அனுப்பவும் ஏலாது.

கேக்கிற முறை சுகம். போன 2 கிழமையில, செய்யிற வேலையில விருப்பமோ சந்தோசமோ இல்லாமல் இருந்ததோ? மனம் சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருந்ததோ? இல்லவே இல்லை 0, சில நாள் 1, பாதிக்கு மேற்பட்ட நாள் 2, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் 3. ரெண்டையும் கூட்டி 3 அல்லது அதுக்கு மேல வந்தால் மனச்சோர்வை அளக்கிற 9 கேள்விப் படிவத்தை (PHQ-9) நிரப்புங்கோ. அதில 27க்கு 10 அல்லது அதுக்கு மேல வந்தால் மனநல கிளினிக். தாயையும் மாமியையும் வெளியில இருத்திப்போட்டுக் கேளுங்கோ. பக்கத்தில ஆள் இருந்தால் எல்லாத்துக்கும் 0தான் வரும்.

அதுக்கு முதல், பி.சி.ஓ.எஸ் எண்டு எழுதினது சரியோ எண்டும் பாக்கவேணும். மூண்டில ரெண்டு இருக்கவேணும்: மாதவிடாய் ஒழுங்கின்மை (வயசுக்கு வந்து 3 வருசம் கழிஞ்சவைக்கு 35 நாளைத் தாண்டிறது, அல்லது வருசத்தில 8 தரத்துக்குக் குறைவு), ஆண் ஹோர்மோன் கூடினதுக்கான அடையாளம், ஸ்கானில சூலகத்தின்ர தோற்றம். வயசுக்கு வந்து 8 வருசம் ஆகாத பிள்ளைக்கு ஸ்கானை வைச்சு முடிவெடுக்கப்படாது. அந்த வயசில நோயில்லாத சூலகமும் அப்பிடித் தெரியும், அதனால முதல் ரெண்டும் கட்டாயம் இருக்கவேணும். 16 வயசுப் பிள்ளையின்ர ஸ்கான் துண்டைப் பாத்து ஒரு குடும்பமே அழுகிறது எவ்வளவு அநியாயம்! அதில தெரியிறது முதிராமல் நிண்ட சூல்பைகள், 2 முதல் 9 மில்லிமீற்றர் வரை. புற்றுநோய் இல்லை, வெட்டி எடுக்கவும் தேவையில்லை.

இரத்தத்தில தைரொயிட்டும் (டி.எஸ்.எச்) புரொலக்ரினும் (பால் சுரக்க வைக்கிற ஹோர்மோன்) பாத்தாச்சோ எண்டு கொப்பியில தேடுங்கோ. தைரொயிட் குறைஞ்சாலும் பீரியட்ஸ் குழம்பும், நிறை கூடும், மனம் சோரும். அதுக்கு மருந்து வேற. பலமாக் குறட்டை விட்டு, பகலெல்லாம் நித்திரை தூங்கிற பிள்ளை எண்டால் நித்திரையில மூச்சுத் தடைப்படுறதையும் யோசிக்கவேணும். அது வெளியில மனச்சோர்வு மாதிரியே தெரியும்.

மாங்குளம் மருந்தாளர்:

குளிசைக் கேள்விக்கு நான் சொல்லுறன். மெற்போமின் குழப்பிறது வயித்தை. இராச்சாப்பாட்டோட 500 மில்லிகிராமில தொடங்கி, 1 அல்லது 2 கிழமைக்கு ஒருக்கா டொக்டர் சொல்லுற மாதிரி 500 கூட்டினால் அனேகமான ஆக்கள் தாங்குவினம். காலமை வெறுவயித்தில போட்டிட்டுத் துணுக்காயில இருந்து பஸ் ஏறினால் வழியில வயித்தோட்டம், அதோட குளிசை அலுமாரிக்குள்ள போயிடும். கனகாலம் போட்டால் பி12 குறையலாம்: களைப்பு, கால் விறைப்பு, மனச்சோர்வு. மச்சம் சாப்பிடாத ஆக்கள் இதில கூடக் கவனம்.

மித்துரி மாதிரி ஹோர்மோன் குளிசையில (கர்ப்பத்தடைக் குளிசை, பீரியட்ஸை ஒழுங்காக்கவும் குடுக்கிறது) சிலருக்கு மனம் இறங்கிறது உண்மை. அதைக் கற்பனை எண்டு தள்ளாதேங்கோ. தொடங்கின திகதியையும் மனம் மாறின திகதியையும் கலண்டரில குறிச்சுக் கொண்டுபோனால் டொக்டர் வேற வகைக்கு மாத்தலாம். தன்ர பாட்டில நிப்பாட்டிப்போட்டு இருக்கிறதுதான் ஆபத்து. 90 நாளுக்கு மேல இரத்தம் போகாமலே இருந்தால் கருப்பையின்ர உட்சுவர் தடிக்கும், வருசக்கணக்கில விட்டால் அது புற்றுநோய்க்கும் வழி. கண்ணில மின்னல் மாதிரித் தெரிஞ்சு வாற ஒற்றைத் தலையிடி இருந்தால் இந்த வகைக் குளிசை கூடாது, முதலே சொல்லவேணும்.

மறுபக்கமும் இருக்கு. மனநல மருந்துகளில ரிஸ்பெரிடோன் புரொலக்ரினைக் கூட்டிப் பீரியட்ஸை நிப்பாட்டும். ஒலன்சபின், மிர்ற்ராசபின் நிறையைக் கூட்டும். சோடியம் வல்புரோவேற் பி.சி.ஓ.எஸ் மாதிரியே அடையாளங்களைக் கொண்டுவரும், கர்ப்பத்தில குழந்தையையும் பாதிக்கும். வலிப்புக்கு அதைப் போடுற பிள்ளையெண்டால் ரெண்டு டொக்டருக்கும் தெரியவேணும், ஆனால் ஒருநாளும் திடீரெண்டு நிப்பாட்டப்படாது. மனச்சோர்வுக்குச் சேற்ரலின் குடுத்தால் குணம் தெரிய 4 முதல் 6 கிழமை செல்லும். 10 நாளில "வேலை செய்யேல்லை" எண்டு விடுறதுதான் கனக்க நடக்குது.

குடும்பநல மருத்துவிச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம்:

பிள்ளையளை வீட்டுக்குள்ள அடைக்கிறது முகத்து மயிர்தான். சவரம் செய்தால் தடிச்சு வளரும் எண்டு பயப்பிடுத்தாதேங்கோ, அது உண்மையில்லை. நூல் போட்டும் எடுக்கலாம். குளிசையால மயிர் குறைய 6 மாதமாவது வேணும் எண்டதைத் தொடங்கிற அண்டே சொல்லவேணும், இல்லாட்டி ரெண்டாம் மாதமே மனம் உடைஞ்சிடும். பேர் விபரம் ஒட்டாத வெள்ளையாக்கிற கிரீம் வேண்டவே வேண்டாம். கனதில ஸ்ரீரொயிட் கிடக்கும், அதால பருவும் மயிரும் இன்னும் கூடும்.

கலியாணம் கட்டினால் சரியாகும் எண்டதும் பொய், பிள்ளையே பிறக்காது எண்டதும் பொய். சூல் முதிர லெற்ரசோல் மாதிரிக் குளிசையள் இருக்கு, கனபேருக்கு மருந்தில்லாமலும் தங்கும். "இன்னும் ஒண்டுமில்லையோ" எண்டு கேக்கிற மாமிமாருக்கு இதைச் சொல்லுறது எங்கட வேலை, அந்தப் பிள்ளையின்ர தலையில விடாதேங்கோ.

உடற்பயிற்சி கிழமைக்கு 150 நிமிசம், அதோட 2 நாள் தசைக்கு வேலை. யானை வாற ஊர்களில விடியப்புறம் நடக்கச் சொல்லாதேங்கோ. பகலில சைக்கிள் ஓடினாலும் கணக்குத்தான். சோத்தை அடியோட நிப்பாட்டச் சொல்லுறதும் கூடாது. பட்டினி கிடந்து பிறகு அள்ளிச் சாப்பிடுற பழக்கம் இந்தப் பிள்ளையளுக்கு லேசில வரும். சிவப்பரிசி அளவா, பருப்பு, மீன், இலைக்கறி, தேத்தண்ணிக்குச் சீனி குறைவு. அது காணும்.

கண்டாவளை உளநலம்:

பெரிய உதவி. 9ஆவது கேள்விக்கு, செத்தால் நல்லம் எண்ட நினைவுக்கு, பிள்ளை 0 சொல்லாட்டி?

கிளிநொச்சி ஆற்றுப்படுத்துநர்:

மற்ற எட்டும் 0 எண்டாலும் அதைத் தனியப் பாக்கவேணும். நேராக் கேளுங்கோ: சாகிற எண்ணம் வருதோ, எப்பிடி எண்டு யோசிச்சிருக்கோ, அதுக்கு ஏதும் எடுத்து வைச்சிருக்கோ? கேக்கிறதால அந்த எண்ணம் புதுசா வராது. வழி யோசிச்சிருந்தால் அண்டைக்கே ஆஸ்பத்திரி, தனிய விடாதேங்கோ. வயலுக்கு அடிக்கிற மருந்தையும் வீட்டுக் குளிசையளையும் பூட்டித் திறப்பை வேற ஆளிட்டக் குடுக்கவேணும். இரவெண்டால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம்.

அனுப்பிற துண்டில கடைசி மாதவிடாய்த் திகதி, போன 12 மாதத்தில எத்தினை தரம் வந்தது, படிவத்தின்ர கூட்டுத்தொகை, 9ஆவதுக்குச் சொன்ன பதில், போடுற எல்லாக் குளிசையும் தொடங்கின திகதியும் எழுதுங்கோ. ரெண்டு பிரதி எடுத்து ரெண்டு கிளினிக் கொப்பியிலயும் ஒட்டினால்தான் ஒரு டொக்டர் குடுக்கிற மருந்து மற்ற டொக்டருக்குத் தெரியவரும்.