மறு: ‘சப்ஸ்டன்ஸ் யூஸ்’ – பயிற்சிப் பாடத்துக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம். கள், புகையிலை, கஞ்சா, மாத்திரை போன்றவற்றின் பயன்பாட்டை ஆராயப் புதிதாக வருபவர்களுக்கான பயிற்சிப் பாடத்தில், ஆங்கில ‘சப்ஸ்டன்ஸ் யூஸ்’ என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘போதைப்பொருள் பயன்பாடு’ எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே? புதிதாக எதற்கு?

எல்லாருக்கும் தெரிந்திருப்பதுதான் இங்கே தொல்லை. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் பயிற்சி மாணவர்கள் வினாத்தாளைச் சோதித்துப் பார்க்கப் போயிருந்தார்கள். காதில் பாதி பீடி செருகியிருந்த பெரியவரிடம் பையன் கேட்டான்: “போதைப்பொருள் எதாவது பயன்படுத்துவீங்களா?” “அதெல்லாம் நம்ம வீட்டுல ஒருத்தருக்கும் கிடையாதுங்க தம்பி.” தாளில் ‘இல்லை’ என்று குறித்தாயிற்று. கூடப்போன நர்ஸ் பேச்சுவாக்கில், “கள்ளுங்க?” என்றார். “அது பொழுதானா உண்டுங்க. ஷாப்பு பக்கத்துலதானே.”

பெரியவர் பொய் சொல்லவில்லை. போதைப்பொருள் என்றால் அவருக்கு வாளையார் சோதனைச்சாவடியில் பிடிபட்டதாகப் பேப்பரில் வரும் கஞ்சா. கள்ளோ கேரளத்தில் உரிமம் பெற்ற கடையில் விற்பது. எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டினால் தமிழ்நாட்டில் அதற்கு 1987 முதல் தடை. சட்டம் எப்படியோ போகட்டும், உடம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே எத்தனால்தான். பீடியும் தூக்க மாத்திரையும்கூட ஆய்வுக் கணக்கில் வந்தாக வேண்டும். பீடியில் போதை எங்கே இருக்கிறது? ‘போதை’ என்ற சொல் வாசலிலேயே பாதிப்பேரை வெளியே நிறுத்திவிடுகிறது.

> அப்படியானால் ‘துஷ்பிரயோகம்’, ‘அடிமை’?

இவை இன்னும் மோசம். அமெரிக்காவில் ஜான் கெல்லி குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 500-க்கும் மேற்பட்ட மனநலத் துறையினருக்கு ஒரே நோயாளியின் கதையைக் கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு ‘அப்யூசர்’ (துஷ்பிரயோகம் செய்பவர்) என்ற சொல்லோடு, மறு பாதிக்குக் ‘கோளாறு உள்ளவர்’ என்ற பாணியில். முதல் தாளைப் படித்தவர்கள்தான் ‘குற்றம் அவர்மேல்தான், தண்டித்தால் சரியாகும்’ என்ற பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். துறை தெரிந்தவர்களே இப்படி என்றால், நேற்று முதுகலை முடித்து வந்த பிள்ளைகளை என்ன சொல்ல?

இன்னொன்றும் இருக்கிறது. 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேடு இந்தக் கோளாறை 11 அறிகுறிகளை வைத்து, 2–3 இருந்தால் லேசானது, 4–5 நடுத்தரம், 6-ம் அதற்கு மேலும் கடுமையானது என்று படி பிரிக்கிறது. ‘லேசான அடிமை’ என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இலங்கை நண்பர் சொன்ன ‘பாவனை’ (அங்கே பயன்பாடு என்று பொருள்) எனக்குப் பிடித்தது. தீர்ப்புச் சொல்லாத சொல். ஆனால் இங்கே பாவனை என்றால் நடிப்பு. ‘லாகிரி’ பழைய தமிழில் இருந்ததுதான், ‘லஹரி’ என்று இங்கே சுவரெல்லாம் மலையாளத்தில் இருக்கிறது. இருந்தும் அதுவும் போதைதான்.

என் பரிந்துரை: மனவினைப்பொருள். மனத்தின்மேல் வினைபுரியும் பொருள். கள், புகையிலை, கஞ்சா, மாத்திரை எல்லாம் அடங்கும். நல்லது கெட்டது எதுவும் சொல்லாது. மனவினைப்பொருள் பயன்பாடு, பயன்பாட்டுக் கோளாறு என்று நீட்டவும் வரும். ‘வினை என்றாலே ஊழ்வினை நினைவுக்கு வருகிறதே’ என்று ஒருவர் கேலி செய்தார். வேதிவினை சொல்லும்போது யாரும் கர்மாவை நினைப்பதில்லையே!

ஆனால் இது பாடப்புத்தகத்துக்கு மட்டும். வீட்டு வாசலில் இந்தச் சொல் வாயிலிருந்து வரக்கூடாது என்பதையும் அதே பாடத்தில் சேர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ‘அஸிஸ்ட்’ வினாத்தாள் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பேர் சொல்லித்தான் கேட்கிறது. வாழ்நாளில் எப்போதாவது உண்டா என்று முதலில், கடந்த 3 மாதத்தில் எப்படி என்று அப்புறம். நம் பிள்ளைகளும் கள்ளு, பீடி, ஹான்ஸ் (வாயில் அடக்கும் புகையிலை) என்று ஊர்ப்பெயரிலேயே கேட்கட்டும். பதில் தாளில் ஆள் பெயர் வேண்டாம், எண் போதும். அக்கம்பக்கத்தார் காதுபடவும் கேட்க வேண்டாம்.

‘ஏர்லி கரியர்’ (ஆய்வுப் பணியில் புதியவர்) பற்றி: ‘இளம் ஆய்வாளர்’ பொருந்தாது, நாற்பது வயதில் முனைவர் பட்டம் வாங்குபவரும் உண்டு. ஆய்வுகளுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு நிறுவனமான என்ஐஎச்சின் விதி வயதைப் பார்க்காமல், கடைசிப் பட்டமோ மருத்துவப் பயிற்சியோ முடித்து 10 ஆண்டுக்குள்ளா என்று பார்க்கிறது. ‘தொடக்கநிலை ஆய்வாளர்’ போதும், இதை இழுக்க வேண்டாம்.

‘ரிலாப்ஸ்’ (நிறுத்தியவர் மறுபடி தொடங்குவது) இன்னும் முடியவில்லை. நம் சொற்பட்டியலில் ‘மறுவீழ்ச்சி’ என்று இருக்கிறது. குடியை நிறுத்தி ஒரு வருடம் கழித்து ஓணத்தன்று ஒரு குவளை குடித்தவரை ‘விழுந்தார்’ என்று எழுத எனக்குச் சம்மதமில்லை. ‘மீள்தொடக்கம்’ சரிவருமா? நர்ஸுகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.