அம்மா ஆட்சியில பத்திரிகைக்காரங்க ஜெயிலுக்குப் போனாங்களா இல்லையா

பழைய வாசகன்: ஜெயலலிதா ஒரு பத்திரிகைக்காரரைக் கூட ஜெயில்ல போட்டதில்லன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார், படிச்சதுல இருந்து எரிச்சல் தாங்கல. 2003 நவம்பர் 7, தி இந்து ஆளுங்க 5 பேர், திமுக பத்திரிகை முரசொலியோட ஆசிரியர் செல்வம், ஆக 6 பேருக்கு உரிமை மீறல்னு சட்டசபையில 15 நாள் ஜெயில் தீர்மானம் போட்டாங்க. எதுக்கு? முதல்வர் பேசின விதத்த விமர்சிச்சதுக்கு.

ரத்தத்தின் ரத்தம்: எழுதுனது நான்தான். ஒரு நாளாவது உள்ள இருந்தாங்களா? 10ஆம் தேதியே சுப்ரீம் கோர்ட் தடை கொடுத்திருச்சு.

பழைய வாசகன்: கோர்ட் காப்பாத்துனத அம்மா கணக்குல எழுதுறீங்களே. போலீஸ் தி இந்து ஆபீசுக்குள்ளயே போய் தேடுச்சு, கையில கிடைச்சிருந்தா அன்னைக்கே உள்ள தள்ளியிருப்பாங்க.

ரத்தத்தின் ரத்தம்: கிடைக்கலல்ல. போனாங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.

உடன்பிறப்பு 72: நக்கீரன் பத்திரிகை ஆசிரியர் கோபால மறந்துட்டீங்களா அண்ணே? அதே 2003 ஏப்ரல்ல பொடாங்கிற தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தப் போட்டு மாசக்கணக்குல உள்ள வச்சாங்க.

ரத்தத்தின் ரத்தம்: அது துப்பாக்கி வச்சிருந்தார்னு போட்ட கேஸ், எழுதுனதுக்கு இல்ல. நாம பேசுறது சட்டசபை கேஸ்.

பழைய வாசகன்: நேத்து "ஒரு பத்திரிகைக்காரரைக் கூட"ன்னு சொன்ன வாய், இன்னைக்கு "சட்டசபை கேஸ்"ங்குது. சரி, அவதூறு கேஸ்? 5 வருசத்துல 213னு 2016ல சுப்ரீம் கோர்ட்ல அரசாங்கமே லிஸ்ட் கொடுத்துச்சு, அதுல 55 மீடியா மேல. வாரம் ஒரு கோர்ட்டுக்கு அலைய விட்டா எவன் எழுதுவான்? நிருபர்களப் பார்த்து பதில் சொல்ல நேரமில்ல, கேஸ் போட மட்டும் நேரம் இருந்துச்சு.

நெல்லை மீனா: எம்ஜிஆர் மட்டும் என்னவாம்? 1987ல ஒரு அட்டைப்பட ஜோக்குக்கு ஆனந்த விகடன் ஆசிரியர உள்ள வச்சாரு, பின்னாடி கோர்ட்ல 1,000 ரூபா நஷ்ட ஈடு வாங்குனாரு மனுஷன்.

ரத்தத்தின் ரத்தம்: தலைவரை இதுல இழுக்காதீங்க மேடம்.

நெல்லை மீனா: ஏன் இழுக்கக் கூடாது? சட்டசபை கேஸ்னு நீங்கதான் கேட்டீங்க, இதுவும் சட்டசபை கேஸ்தான், இதுல உள்ளயே போயிட்டாரு. 2015 வெள்ளத்துல ஊர்க்காரங்க அனுப்புன சாமானுக்கு மேல அம்மா ஸ்டிக்கர் ஒட்டுன கூத்த நாங்க மறக்கல.

ரத்தத்தின் ரத்தம்: ஸ்டாலின் ஆட்சியில மட்டும் விளம்பரத்துல யார் படமும் இல்லையோ? 2025ல "உங்களுடன் ஸ்டாலின்"னு திட்டத்துக்கே பேர் வச்சாங்க.

உடன்பிறப்பு 72: அது தப்பில்லன்னு 2025ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லி, கேஸ் போட்ட உங்க கட்சி சி.வி.சண்முகத்துக்கு 10 லட்சம் கட்டச் சொல்லுச்சு. 2021ல நாங்க ஆட்சிக்கு வந்ததும் மீடியா மேல இருந்த 90 அவதூறு கேஸ வாபஸ் வாங்குனோம், உங்க அம்மா படம் போட்ட ஸ்கூல் பேக்கையும் அப்படியே கொடுத்தோம்.

பழைய வாசகன்: தம்பி, நீங்க பெருமை பேசி அவர தப்பிக்க விடுறீங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, 15 நாள் தண்டனை போட்டாங்களா இல்லையா?

ரத்தத்தின் ரத்தம்: போட்டாங்க. உள்ள போனாங்களா?

பழைய வாசகன்: 6 பேர், 15 நாள். இன்னும் நூறு தடவ கேளுங்க, இதத்தான் சொல்லுவேன்.